சாவி கைக்கு வந்த நாள்: போருக்குப் பிந்தைய பிரிட்டனும் ஸ்போர்ட்ஸ் காரும் (1945–1961)

புதிய கார் ஒன்றை விற்பனை நிலையத்திலிருந்து முதன்முறையாக வீட்டுக்கு ஓட்டி வருவது, எந்த நாட்டிலும் மகிழ்ச்சிக்குரிய நிகழ்வு. அந்தக் கார் இரண்டே இருக்கைகளும், மடக்கக்கூடிய துணிக்கூரையும், வேகமான எஞ்சினும் கொண்ட ஸ்போர்ட்ஸ் காராக இருந்தால் மகிழ்ச்சி இன்னும் கூடும். குடும்பக் கார் தேவைக்காக வாங்கப்படுவது. ஸ்போர்ட்ஸ் காரோ ஓட்டும் இன்பத்துக்காகவே வாங்கப்படுவது. ஆகவே அதைப் பெறும் நாளில் தேவை நிறைவேறிய நிம்மதியைவிட ஆசை நிறைவேறிய களிப்பே மேலோங்கியிருக்கும்.

இந்த மகிழ்ச்சிக்கும் ஒரு பொருளாதார வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1960களின் தொடக்கம் வரை, உலகின் பெரும் ஸ்போர்ட்ஸ் கார் உற்பத்தி நாடாக பிரிட்டன் விளங்கியது. எம்ஜி, ஜாகுவார், டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி ஆகிய பெயர்கள் அமெரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை புகழ்பெற்றன. ஆயினும் அதே காலத்தில் பிரிட்டனில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கார்களில் ஒன்றைப் புதிதாக வாங்குவது மிகவும் அரிதாக இருந்தது. கார் யார் கைக்குச் சேரும், எப்போது சேரும் என்பதை எஃகு ஒதுக்கீடும், டாலர் பற்றாக்குறையும், வரி விகிதமும் தீர்மானித்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

போர் முடிந்தபோது

போர்க்காலத்தில் பிரிட்டனின் கார் தொழிற்சாலைகள் விமான எஞ்சின்கள், இராணுவ வாகனங்கள் முதலியவற்றைத் தயாரித்தன. பொதுமக்களுக்கான புதிய கார் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது. கார் தொழிலின் மையமாகிய கோவென்ட்ரி நகரம் 1940 நவம்பர் 14 அன்று நடந்த ஜெர்மானிய விமானத் தாக்குதலில் பெரும் அழிவைச் சந்தித்தது. தாக்குதலின்போது தீப்பிடிப்பதைக் கவனிக்க, தொழிற்சாலை ஊழியர்கள் முறைவைத்து இரவுக் காவல் இருந்தனர். பின்னாளில் ஜாகுவார் எனப் பெயர் மாறிய நிறுவனத்தில், வில்லியம் லயன்ஸும் அவருடைய தலைமைப் பொறியாளர் வில்லியம் ஹெய்ன்ஸும் சக பொறியாளர்களும் இத்தகைய காவல் இரவுகளில் போருக்குப் பின் செய்ய வேண்டிய எஞ்சினைப் பற்றி விவாதித்தனர். எக்ஸ்கே என்னும் புகழ்பெற்ற எஞ்சினுக்கு அடிப்படை அங்கேதான் இடப்பட்டது.

1945இல் போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கியிருந்தது. உணவும் மூலப்பொருள்களும் இறக்குமதி செய்ய டாலர் தேவைப்பட்டது. டாலர் ஈட்ட வேண்டுமானால் ஏற்றுமதி செய்தாக வேண்டும். 'ஏற்றுமதி செய், இல்லையேல் அழிவாய்' என்பது அன்றைய முழக்கமாயிற்று. எஃகு தட்டுப்பாடாக இருந்ததால் அரசு அதைப் பங்கிட்டுக் கொடுத்தது. உற்பத்தியில் பெரும்பங்கை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களுக்கே கூடுதல் எஃகு கிடைத்தது. இதன் விளைவாக 1950 அளவில், உலகிலேயே மிகுதியான கார்களை ஏற்றுமதி செய்யும் நாடாக பிரிட்டன் உயர்ந்தது. உள்நாட்டு வாடிக்கையாளரோ பட்டியலில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

எம்ஜி டிசி

போர் முடிந்த சில மாதங்களிலேயே, 1945இன் பிற்பகுதியில், ஆபிங்டன் என்னும் சிற்றூரில் இருந்த எம்ஜி தொழிற்சாலை டிசி என்ற காரை வெளியிட்டது. போருக்கு முந்தைய வடிவத்தையே சற்றுத் திருத்தி இதைச் செய்திருந்தனர். 1,250 சிசி எஞ்சின், உயரமான கம்பிச் சக்கரங்கள், முன்புறம் மடித்துப் படுக்கவைக்கக்கூடிய கண்ணாடி ஆகியன இதன் அடையாளங்கள். வெப்பமூட்டி கிடையாது. மழை வந்தால் பக்கவாட்டில் துணித்திரைகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். வேகத்திலும் இது பெரிய சாதனைக் கார் அல்ல. இருந்தும், தரையை ஒட்டி அமர்ந்து காற்று முகத்தில் அடிக்க வளைவுகளில் ஓட்டும் அனுபவம் வேறு எந்தக் காரிலும் கிடைக்காததாக இருந்தது.

1945 முதல் 1949 வரை சுமார் 10,000 டிசி கார்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 2,000 அமெரிக்காவுக்குச் சென்றன. இவற்றில் ஒன்றுகூட இடப்பக்கச் சுக்கான் கொண்டதல்ல. சாலையின் வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்கர்கள், வலப்பக்கச் சுக்கான் கொண்ட காரையே ஆர்வத்துடன் வாங்கினர். எண்ணிக்கை சிறிதாயினும் விளைவு பெரிது. அன்றைய அமெரிக்கக் கார்கள் பெரியவை, மென்மையானவை, சோபாவைப் போன்ற இருக்கைகள் கொண்டவை. சிறிய கார் ஒன்று தரக்கூடிய இன்பத்தை அமெரிக்க இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்தியது டிசி. 1950 முதல் 1953 வரை வந்த அடுத்த வகையான டிடி, இடப்பக்கச் சுக்கானுடனும் கிடைத்தது. ஏறக்குறைய 30,000 டிடி கார்களில் 23,000க்கும் மேற்பட்டவை அமெரிக்காவை அடைந்தன.

1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணய மதிப்பைக் குறைத்ததும் இதற்கு உதவிற்று. ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர் என்றிருந்த மதிப்பு 2.80 டாலராகக் குறைந்தது. அமெரிக்க வாடிக்கையாளரின் பார்வையில் பிரிட்டிஷ் கார்கள் சட்டென்று மலிவாகிவிட்டன.

எக்ஸ்கே120: கண்காட்சியில் பிறந்த ஆசை

1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடந்த மோட்டார் கண்காட்சி, போருக்குப் பின் பிரிட்டனில் நடந்த முதல் கார் கண்காட்சியாகும். பெட்ரோலும் உணவும் பங்கீட்டு அட்டையில் கிடைத்த அந்நாளில், வாங்க வழியில்லாத கார்களைப் பார்க்கவே மக்கள் திரண்டு வந்தனர். அங்கே அனைவரையும் ஈர்த்தது ஜாகுவார் எக்ஸ்கே120.

இந்தக் காரைப் பெரிய எண்ணிக்கையில் விற்பது நிறுவனத்தின் நோக்கமாக இருக்கவில்லை. புதிய 3.4 லிட்டர் எக்ஸ்கே எஞ்சின் ஒரு பெரிய குடும்பக் காருக்காக உருவாக்கப்பட்டது. அந்தக் கார் தயாராகத் தாமதமானதால், எஞ்சினை உலகுக்குக் காட்டச் சில நூறு ஸ்போர்ட்ஸ் கார்கள் செய்தால் போதும் என்று லயன்ஸ் எண்ணினார். ஆகவே முதல் கார்களின் உடல், மரச்சட்டத்தின்மீது அலுமினியத் தகடு பொருத்திக் கையால் செய்யப்பட்டது. கண்காட்சியில் குவிந்த வரவேற்பு இந்தத் திட்டத்தை மாற்றியது. சுமார் 240 அலுமினியக் கார்களுக்குப் பின், 1950 முதல் எஃகு உடலுடன் தொடர் உற்பத்தி தொடங்கியது. 1954 வரை 12,000க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

பெயரிலுள்ள 120 என்ற எண், மணிக்கு 120 மைல், அதாவது சுமார் 193 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். சாதாரண வாடிக்கையாளர் வாங்கும் கார் இந்த வேகத்தில் செல்லுமா என்று பலர் ஐயுற்றனர். 1949 மே 30 அன்று பெல்ஜியத்தின் ஜாபெக் நகருக்கு அருகிலுள்ள நெடுஞ்சாலையில், பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ரான் சட்டன் என்ற ஓட்டுநர் மணிக்கு 132.6 மைல் வேகத்தை எட்டிக் காட்டினார்.

கண்காட்சிக்கும் முதல் வாடிக்கையாளருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. 1949இல் வெளிவரத் தொடங்கிய கார்களுள் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே சென்றது. தொடக்கக் கார்களுள் ஒன்றைப் பெற்றவர் ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிள். நிறுவனத்துக்கு அதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை. கோவென்ட்ரியில் அந்தக் காரின் தகட்டைத் தட்டி வளைத்த தொழிலாளி, அது கலிஃபோர்னியாவின் வெயிலில் நிற்பதைப் பத்திரிகைப் படத்தில் மட்டுமே பார்க்க முடிந்தது.

வரியும் ஒப்பந்தமும்

உள்நாட்டில் கார் வாங்க முன்வந்தவருக்கு மூன்று தடைகள் இருந்தன.

முதலாவது, கொள்முதல் வரி. போர்க்காலத்தில் கொண்டுவரப்பட்ட இவ்வரி போர் முடிந்த பின்னும் தொடர்ந்தது. காரின் அடிப்படை விலை 1,000 பவுண்டுக்கு மேற்பட்டால் வரி இரு மடங்காகும் என்ற விதி 1947இல் வந்தது. எக்ஸ்கே120இன் அடிப்படை விலை 998 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. வரி சேர்ந்த விலை 1,250 பவுண்டைத் தாண்டியது. 1949இல் பிரிட்டனில் உடலுழைப்புத் தொழிலாளர் ஒருவரின் சராசரி வார வருமானம் சுமார் 7 பவுண்டு. ஆக, மூன்றாண்டுக்கும் மேலான முழு ஊதியத்தைச் செலவிட்டாலே அந்தக் காரை வாங்க முடியும். 1951இல் எல்லாக் கார்களுக்கும் உயர் வரி விகிதம் விரிவாக்கப்பட்டது. 1952இல் தவணை முறைக்கும் கட்டுப்பாடு வந்தது. விலையில் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி, மீதியைப் பதினெட்டு மாதங்களுக்குள் தீர்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, காத்திருப்பு. கார்கள் குறைவு, கேட்பவர்கள் மிகுதி. எனவே சில ஆண்டுகள் காத்திருந்தவர்களும் இருந்தனர்.

மூன்றாவது, மறுவிற்பனைத் தடை. புதிய கார் அரிதாக இருந்ததால், சில மாதங்கள் ஓடிய பழைய காரே புதிய காரின் விலையைவிடக் கூடுதலாக விற்றது. பட்டியலில் முந்தியவர் காரைப் பெற்று உடனே இலாபத்துக்கு விற்றுவிடும் வாய்ப்பு இருந்தது. இதைத் தடுக்க, பிரிட்டிஷ் மோட்டார் வணிகச் சங்கம் ஓர் உறுதிப் பத்திரத்தை நடைமுறைப்படுத்தியது. குறிப்பிட்ட காலத்துக்குள் காரை மறுவிற்பனை செய்யமாட்டேன் என்று வாங்குபவர் கையெழுத்திட வேண்டும். இது 1950களின் தொடக்கம் வரை நடைமுறையில் இருந்தது. சாவியைப் பெறும் மகிழ்ச்சிக்கு முன் இப்படி ஓர் உறுதிமொழியும் இடம்பெற்றது.

இவற்றோடு பெட்ரோல் பங்கீடும் இருந்தது. அது 1950 மே மாதத்தில்தான் முடிவுக்கு வந்தது. அதற்குப் பின்னும் 1953 வரை 'பொது பெட்ரோல்' எனப்பட்ட, தரம் குறைந்த ஒரே வகை எரிபொருளே கிடைத்தது. ஜாகுவார் போன்ற நிறுவனங்கள் அந்த எரிபொருளுக்கு ஏற்ப எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைத்து அமைக்க வேண்டியிருந்தது. வேகத்துக்கென்றே செய்த காரைப் பெற்றவரும் அதன் முழு ஆற்றலைச் சொந்த நாட்டுச் சாலையில் காண முடியாத நிலை இது.

கார் கைக்கு வந்த நாள்

இத்தனை தடைகளையும் கடந்தவருக்கு ஒருநாள் விற்பனையாளரிடமிருந்து கடிதமோ தொலைபேசி அழைப்போ வரும். தொழிற்சாலையிலிருந்து கார் பெரும்பாலும் சாலை வழியாகவே, வணிகப் பதிவுப் பலகை மாட்டி, அதற்கென அமர்த்தப்பட்ட ஓட்டுநரால் ஓட்டி வரப்படும். விற்பனையாளரின் பட்டறையில் அதைக் கழுவி, எண்ணெயும் நீரும் சரிபார்த்து, சக்கரக் கம்பிகளையும் திருகுகளையும் முடுக்கி, பதிவெண் பலகை பொருத்துவர். வாங்குபவருக்குப் பதிவுப் புத்தகமும், கண்ணாடியில் ஒட்டும் வட்ட வடிவச் சாலை வரி வில்லையும், கருவிப் பையும், ஓட்டுநர் கையேடும் கிடைக்கும்.

அக்காலக் கையேடுகள் நீண்டவை. எந்தெந்த மூட்டில் எத்தனை மைலுக்கு ஒருமுறை கிரீஸ் இட வேண்டும், கார்புரேட்டரை எப்படிச் சீராக்குவது, பற்றவைக்கும் பிளக்குகளை எப்போது சுத்தம் செய்வது என்றெல்லாம் அவை விவரிக்கும். கார் வாங்குபவர் அதன் இயந்திர இயல்பையும் அறிந்திருப்பார் என்ற எதிர்பார்ப்பு அதில் தெரிகிறது. துணிக்கூரையை ஒழுங்காக மடிப்பதே ஒரு கலை. தவறாக மடித்தால் பின்புறமுள்ள ஒளிபுகு தாள் விரிசல் விடும். புதிய காரின் முதல் மாலைப்பொழுதைக் கூரையைப் போட்டும் எடுத்தும் பழகுவதில் கழித்தவர்கள் பலராக இருந்திருப்பர்.

மெல்ல ஓட்ட வேண்டிய வேகக் கார்

புதிய ஸ்போர்ட்ஸ் காரைப் பெற்றவர் முதல்நாளே அதன் வேகத்தைச் சோதித்துவிட முடியாது. அன்றைய உற்பத்தி முறையில் எஞ்சினின் உட்பகுதிகள் இன்றைய அளவுக்குத் துல்லியமாகக் கடையப்படவில்லை. பிஸ்டன் வளையங்களும் தாங்கிகளும் ஒன்றோடொன்று உராய்ந்து படிப்படியாகப் பொருந்த வேண்டும். அதற்குமுன் வேகமாக ஓட்டினால், சூடேறி இறுகிப்போகும் ஆபத்து இருந்தது. ஆகவே முதல் சில நூறு மைல்களுக்குக் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் அறிவுறுத்தினர். 500 மைல், 1,000 மைல் என்ற எல்லைகள் வழக்கத்தில் இருந்தன. அதன் முடிவில் இலவசச் சோதனையும் எண்ணெய் மாற்றமும் நடக்கும்.

இக்காலத்தில் காரின் பின்கண்ணாடியில், எஞ்சின் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது, முந்திச் செல்லவும் என்ற பொருள் தரும் அட்டையை ஒட்டுவது பிரிட்டனில் பரவலான பழக்கம். நாட்டின் மிக வேகமான கார்களுள் ஒன்று, சாதாரணக் குடும்பக் கார்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஊர்ந்து செல்வது வேடிக்கையான காட்சியாக இருந்திருக்கும். ஆனால் இந்தக் கட்டாயப் பொறுமைக்கு ஒரு பயனும் இருந்தது. எஞ்சினின் ஒலி, கியர் விழும் இடம், பிரேக்கின் பிடிப்பு ஆகியவற்றை ஓட்டுநர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். முழு வேகம் அனுமதிக்கப்பட்ட நாளில் காரும் ஓட்டுநரும் ஒருவருக்கொருவர் பழகியிருந்தனர்.

பெருகிய ஏற்றுமதி

1950களில் போட்டி வளர்ந்தது. 1952 ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் டொனால்ட் ஹீலி தம் பெயரிலான ஹீலி ஹண்ட்ரட் என்னும் காரைக் காட்சிக்கு வைத்தார். அதிலிருந்த எஞ்சின் ஆஸ்டின் நிறுவனத்துடையது. காரைக் கண்ட ஆஸ்டின் தலைவர் லெனார்ட் லார்டு அதைத் தாமே தயாரிக்க முன்வந்தார். கண்காட்சி முடிவதற்குள்ளேயே அதன் பெயர் ஆஸ்டின்-ஹீலி 100 என்று மாறியது. 1953இல் கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு நிறுவனம், தன் டிரையம்ஃப் பெயரில் டிஆர்2 காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜாகுவாரைவிட விலை மிகக் குறைந்த இக்கார், ஜாபெக் சாலையில் நடந்த சோதனையில் மணிக்கு 124 மைல் வேகத்தை எட்டியது.

இந்த வளர்ச்சியின் உச்சத்தை எம்ஜிஏ காட்டுகிறது. 1955 முதல் 1962 வரை 1,01,000க்கும் மேற்பட்ட எம்ஜிஏ கார்கள் ஆபிங்டனில் செய்யப்பட்டன. அவற்றில் பிரிட்டனிலேயே விற்கப்பட்டவை 6,000க்கும் குறைவு. நூறு கார்களில் ஆறு என்ற அளவைக்கூட அது எட்டவில்லை. எஃகுப் பங்கீடு முடிந்த பின்னும், வரியும் 1956–57இல் சூயஸ் நெருக்கடியால் மீண்டும் வந்த பெட்ரோல் பங்கீடும் உள்நாட்டுச் சந்தையைச் சுருக்கியே வைத்திருந்தன.

பெட்டிகளில் வந்த கார்

வரியைத் தவிர்க்க ஒரு வழியும் பிறந்தது. கொள்முதல் வரி முழுமையான காருக்கு மட்டுமே உரியது. பாகங்களாக வாங்கித் தானே பொருத்திக்கொள்பவருக்கு அவ்வரி இல்லை. 1957இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் வெளியிட்ட லோட்டஸ் செவன் இவ்வாறு புகழ்பெற்றது. பொருத்துவதற்கான வழிகாட்டி நூல் கொடுத்தால் அதுவும் வரிக்குள் வந்துவிடும் என்பதால், காரைப் பிரிப்பது எப்படி என்ற குறிப்பைக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது.

இங்கே காரைப் பெறும் நாள் என்பது, பாகங்கள் அடங்கிய பெட்டிகள் வீட்டு வாசலில் இறங்கும் நாள். அதன் பின் பல மாலைகளும் வார இறுதிகளும் கொட்டகையில் கழியும். எஞ்சின் முதன்முதலாக உயிர்பெறும் கணமே உண்மையான பெறுகை. பணக்காரருக்கு மட்டுமே உரியதாக இருந்த மகிழ்ச்சியை, கைத்திறன் கொண்ட நடுத்தர வருமானத்தினர் எட்டிப்பிடிக்க இம்முறை உதவியது. 1973இல் கொள்முதல் வரிக்குப் பதிலாக மதிப்புக் கூட்டு வரி வந்தபோது இந்தச் சலுகை மறைந்தது.

1961: ஜாகுவார் இ-டைப்

1961 மார்ச் 15 அன்று ஜெனீவாவில் ஜாகுவார் இ-டைப் பத்திரிகையாளர்களுக்கு அறிமுகமானது. விமானத் துறையில் பணியாற்றிய மால்கம் சேயர், கணக்கீடுகளின் துணையுடன் இதன் வடிவத்தை வகுத்தார். 3.8 லிட்டர் எஞ்சின் 265 குதிரைத்திறன் தரும் என்றும், கார் மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 241 கிலோமீட்டர் வேகம் செல்லும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஜெனீவாவில் காரை ஓட்டிப் பார்க்க வந்தவர்களின் கூட்டம் மிகுந்ததால், மற்றொரு காரை உடனே கொண்டுவருமாறு கோவென்ட்ரிக்குச் செய்தி போயிற்று. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இரவெல்லாம் ஓட்டி அதை ஜெனீவாவில் சேர்த்தார்.

வரி உட்பட 2,100 பவுண்டு அளவில் இருந்த விலைதான் அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. இதே வேகம் தரக்கூடிய இத்தாலிய, பிரிட்டிஷ் கார்கள் ஏறத்தாழ இரு மடங்கு விலையில் இருந்தன. ஆணைகள் குவிந்தன. இம்முறையும் ஏற்றுமதிக்கே முதலிடம். பிரிட்டிஷ் வாடிக்கையாளர்கள் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

காத்திருந்து பெற்ற கார் குறையற்றதாக இருந்ததா என்றால், இல்லை. முதல் 500 கார்களில் எஞ்சின் மூடியைத் திறக்க வெளிப்புறப் பூட்டுகளும் அவற்றுக்கெனத் தனிக் கருவியும் இருந்தன. தரைத்தகடு சமதளமாக இருந்ததால் உயரமானவர்கள் காலை நீட்ட இடமில்லை. 1962இன் தொடக்கத்தில் தரையில் பள்ளம் அமைத்து இதைச் சரிசெய்தனர். முதல் கியர் மாற்றக் கடினமானது. இருக்கைகள் நீண்ட பயணத்துக்கு ஏற்றவையல்ல. 1964இல் 4.2 லிட்டர் எஞ்சினுடன் வந்த வகையில் புதிய கியர்பெட்டியும் நல்ல இருக்கைகளும் அமைந்தன. இன்று சேகரிப்பாளர்கள் மிக உயர்ந்த விலை கொடுத்துத் தேடுவது, அந்தக் குறைகளுடன் கூடிய முதல் கார்களையே.

அன்று பிரிட்டனில் ஊர் எல்லைக்கு வெளியே வேக வரம்பு இல்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1959இல் லண்டனிலிருந்து வடக்கு நோக்கித் திறக்கப்பட்ட எம்1 நெடுஞ்சாலையில், இ-டைப் வாங்கியவர் சட்டத்தை மீறாமலேயே அதன் முழு வேகத்தையும் நாடலாம். மணிக்கு 70 மைல் என்ற வரம்பு 1965 டிசம்பரில்தான் வந்தது. அந்த இடைப்பட்ட சில ஆண்டுகள், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுநருக்குக் கட்டுப்பாடுகள் மிகக் குறைந்திருந்த காலம். அந்தச் சுதந்திரத்துடன் விபத்துகளும் சேர்ந்தே வந்தன. வரம்பு விதிக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்னையோடு ஓர் உறவு

இந்த வரலாற்றுக்குச் சென்னையுடன் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், கோவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துடன் கூட்டுறவு கொண்டிருந்தது. 1960களில் அந்நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். 1962இல் டிரையம்ஃப் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் செய்யப்பட்டது. இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கலோட்டி. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும் அமைப்பு இரண்டிலும் உண்டு.

அக்கால இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதி செய்வது சாமானியர் நினைத்தும் பார்க்க முடியாதது. குடும்பக் காருக்கே முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாடு இது. பிரிட்டனில் 1940களில் நிலவிய காத்திருப்பு, இங்கே 1980கள் வரை நீடித்தது. சென்னைச் சாலையில் ஹெரால்டு ஓட்டியவர், ஸ்பிட்ஃபயரின் நெருங்கிய உறவை ஓட்டுகிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் புதிய காரைக் கொண்டுவந்து நிறுத்திய நாளின் மகிழ்ச்சி அதனால் குறைந்திருக்காது.

பேரேட்டில் எஞ்சிய தேதி

ஆபிங்டனின் எம்ஜி தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடப்பட்டது. இ-டைப் உற்பத்தி சுமார் 72,500 கார்களுடன் 1970களின் நடுப்பகுதியிலேயே முடிந்திருந்தது. டாலர் மதிப்பின் ஏற்ற இறக்கம், அமெரிக்காவின் புதிய பாதுகாப்பு மற்றும் புகை விதிகள், நிறுவனங்களின் நிர்வாகச் சிக்கல்கள் ஆகியன சேர்ந்து இத்தொழிலைத் தளர்த்தின. ஏற்றுமதியை நம்பி வளர்ந்த தொழில், ஏற்றுமதிச் சந்தை மாறியபோது தாங்கவில்லை.

ஆனால் தொழிற்சாலைகளின் பேரேடுகள் பல அழியாமல் இருக்கின்றன. பழைய கார் ஒன்றின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தால், அது எந்த நாளில் செய்து முடிக்கப்பட்டது, என்ன நிறம், எந்த நாட்டு முகவருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் குறிப்பிடும் சான்றிதழை பிரிட்டிஷ் மரபுக் காப்பகங்கள் வழங்குகின்றன. 1980களிலிருந்து இப்படிப்பட்ட கார்கள் பலவற்றை பிரிட்டிஷ் ஆர்வலர்கள் அமெரிக்காவிலிருந்து திரும்ப வாங்கத் தொடங்கினர். கலிஃபோர்னியாவின் உலர்ந்த காற்றில் துருப்பிடிக்காமல் இருந்த எக்ஸ்கே120களும் இ-டைப்களும் கப்பலேறித் தாய்நாடு திரும்பின. சிலவற்றில் சுக்கான் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது.

அந்தக் கார்களைத் துறைமுகத்தில் பெற்றுக்கொண்டவர்கள், அவற்றைச் செய்த தலைமுறைக்குப் பின் வந்தவர்கள். அரசின் டாலர் தேவைக்காகக் கடல் கடந்து போன கார், முப்பது நாற்பது ஆண்டுகள் தாமதமாக உள்நாட்டு வாடிக்கையாளரின் கைக்கு வந்தது. சான்றிதழில் அது முதன்முதல் அனுப்பப்பட்ட தேதியும் இருக்கும். சாவியைப் பெற்றவர் அந்தத் தேதியையும் சேர்த்தே பெற்றார்.